பல்கலைக்கழக ஆய்வுகளால் வன்னிச் சனத்துக்கு என்ன பயன்?

நியாயமான கேள்விதான். குடிதண்ணீரையே எடுங்கள். வவுனியாப் பக்கம் பல குழாய்க்கிணறுகளில் புளோரைட்டு கூடுதல். கொதிக்க வைத்தாலும் போகாது; தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். அது பாறையிலிருந்து கரைந்து வருகிறது என்று சொன்னவர்கள் நிலவியல்காரர். பல்லையும் எலும்பையும் கெடுக்கும் என்று காட்டியது மருத்துவம்.

சரி, இப்போது கலனில் வாங்கிவரும் ஆர்.ஓ. தண்ணீர், அதாவது மெல்லிய சவ்வின் ஊடாக அழுத்தி உப்பைப் பிரித்தெடுத்த தண்ணீர்? அதற்கான சவ்வை 1950களின் கடைசியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் லோப், சௌரிராஜன் என்ற இருவர் உருவாக்கினார்கள், கடல்நீரைக் குடிநீராக்க. வவுனியாவை அவர்கள் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள்!

அந்தச் சவ்வு கழிக்கும் உப்புநீரை எங்கே விடுவது என்பது அடுத்த தலையிடி. அதற்குப் பொறியியலும் வேண்டும், விவசாயமும் வேண்டும். யாழ். பல்கலைக்கழகத்தின் அந்த இரண்டு பீடங்களும் கிளிநொச்சி அறிவியல்நகரில்தான் இருக்கின்றன.