இரும்பால் சாகும் மூளைச் செல்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஃபெராப்டோசிஸ் என்பது வழக்கமான செல் சாவிலிருந்து எப்படி வேறுபடுகிறது சார்?

பதில்: அப்போப்டோசிஸ் என்ற வழக்கமான செல் சாவை நடத்துவது கேஸ்பேஸ் நொதிகள். ஃபெராப்டோசிஸில் அவற்றுக்கு வேலையே இல்லை. இரும்பு தூண்டிவிட, செல்சவ்வின் கொழுப்பு ஆக்சிஜனேற்றமாகி, சவ்வே கிழிகிறது. அதைத் தடுப்பது ஜிபிஎக்ஸ்4 என்ற செலினிய நொதி. அது வேலை செய்ய, செல்லுக்குள் இருக்கும் குளூட்டதயோன் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பி வேண்டும். அது தீர்ந்தால் காப்பும் போய்விடும். 2012-ல் பெயரிட்டது கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டிக்சன், ஸ்டாக்வெல் குழு.

கேள்வி: அப்பாவுக்கு பார்க்கின்சன். மூளையில் சேரும் இரும்பை மருந்து கொடுத்து எடுத்துவிட முடியாதா?

பதில்: எடுத்துப் பார்த்தார்கள். பார்க்கின்சனுக்கு வழக்கமாகத் தரும் லெவோடோபா மருந்தை இன்னும் தொடங்காத 372 நோயாளிகளில் ஒரு பாதிக்கு, தலசீமியாவுக்குத் தரும் இரும்பு நீக்கி மருந்தான டெஃபெரிப்ரோனை கிலோவுக்கு 15 மி.கி. வீதம் தினம் இருவேளை, 36 வாரம் கொடுத்தார்கள். 2022-ல் முடிவு வந்தது. பார்க்கின்சனில் நரம்பணுக்கள் அழியும் மூளைப் பகுதியான சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் இரும்பு குறைந்தது உண்மைதான். ஆனால் நோயின் தீவிரத்தைக் காட்டும் புள்ளி (கூடினால் நோய் மோசம்) மருந்து எடுத்தவர்களுக்கு 10.4 கூடியது, வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 2.7 மட்டுமே. பார்க்கின்சனில் குறைந்துபோகும் டோபமைனைத் தயாரிக்கும் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதிக்கும் இரும்பு தேவை. அதையும் சேர்த்துப் பறித்ததே காரணம் என்று கருதுகிறேன். வெள்ளையணு சரியும் ஆபத்தும் உண்டு. தயவுசெய்து நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: அப்படியானால் பார்க்கின்சனில் மூளைச் செல்கள் ஃபெராப்டோசிஸால் சாகின்றன என்ற கொள்கையே தவறா?

பதில்: இல்லை. அங்கே சோதித்தது இரும்பை அகற்றுவதை. கொழுப்பு கெடுவதை நேராகத் தடுப்பதை அல்ல. இரண்டும் வேறு.

கேள்வி: ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை சாப்பிடுகிறேன். மூளைக்குக் கெடுதலா?

பதில்: இந்தப் பயத்தில் நிறுத்த வேண்டாம். மூளைக்குள் போகும் இரும்பை ரத்த-மூளைத் தடுப்பு கட்டுப்படுத்துகிறது. ரத்தத்தில் பார்க்கும் ஃபெரிட்டின் என்ற இரும்புச் சேமிப்புப் புரதத்தை வைத்து மூளையின் இரும்பைக் கணிக்கவும் முடியாது. அதற்கு எம்ஆர்ஐ வேண்டும்.

கேள்வி: நான் ஆய்வு மாணவி. எலி நரம்பணு வளர்ப்பில், ஜிபிஎக்ஸ்4-ஐ முடக்கும் ஆர்எஸ்எல்3 போட்டும் செல்கள் சாகவில்லை சார்.

பதில்: முதலில் செல்களை வளர்க்கும் ஊடகத்தைப் பாருங்கள். அதில் சேர்க்கும் வழக்கமான பி27 ஊட்டக் கலவையில் வைட்டமின் ஈ இருக்கிறது. கொழுப்பை அதுவே காப்பாற்றிவிடும். ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் நீக்கிய பி27-க்கு மாறுங்கள். செல்களை நெருக்கமாக விதைத்தாலும் பல வகைச் செல்கள் தாங்கிக்கொள்ளும்.

சாகத் தொடங்கியதும், அது ஃபெராப்டோசிஸ்தானா என்று உறுதிசெய்யுங்கள். வளர்ப்புத் தட்டின் ஒரு குழியில், கொழுப்பு கெடுவதைத் தடுக்கும் ஃபெரோஸ்டாட்டின்-1, 1 மைக்ரோமோலார். இன்னொன்றில் கேஸ்பேஸ் தடுப்பி. முதலாவது காப்பாற்ற வேண்டும், இரண்டாவது காப்பாற்றக் கூடாது. கூடவே சி11-போடிப்பி சாயம்: கொழுப்பு கெட்டால் ஒளிர்வு 590 நானோமீட்டர் சிவப்பிலிருந்து 510 பச்சைக்கு நகரும். செல்கள் சாவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். செத்த செல் எந்தச் சாவிலும் பச்சை காட்டலாம்.