பொறி நிறைய ஈ விழுகிறது, பாவற்காயில் ஏன் புழு குறையவில்லை?

கேள்வி: ஐயா, பேராக் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துப் பாவற்காயும் பீர்க்கங்காயும் போட்டிருக்கிறேன். வேலியோரம் நாலு கொய்யா மரமும் உண்டு. வாரம் இரண்டு தடவை மருந்து அடித்தும் பாதிக் காய் பிஞ்சிலேயே கோணி, மஞ்சளடித்து உதிர்கிறது. அறுத்தால் உள்ளே புழு. கடைக்காரர் சொன்னபடி பழ ஈப் பொறி எட்டு வாங்கிக் கட்டினேன். பொறியில் ஈ குவிகிறது, காயில் புழு குறையவில்லை. நீங்கள் பூச்சி ஆராய்ச்சியிலேயே காலம் கழித்தவர். மருந்தைக் குறைத்தும் காய் எடுக்க முடியும் என்று உண்மையிலேயே நம்புகிறீர்களா? இல்லையென்றால் சொல்லிவிடுங்கள், லோரி ஓட்டப் போய்விடுகிறேன்.

பதில்: முடியும், தம்பி. நம்பிக்கையில் சொல்லவில்லை, காய்கறித் தோட்டங்களில் முப்பது வருஷம் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். லோரி லைசென்ஸ் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும்.

முதலில் அந்தப் பொறி. அதில் விழுவது எந்த ஈ என்று பார்த்தீர்களா? கடைகளில் பழ ஈப் பொறி என்று கேட்டால் பெரும்பாலும் மெத்தில் யூஜெனால் தடவியதைத்தான் எடுத்துத் தருவார்கள். அந்த வாசனைக்கு ஓடி வருவது கொய்யா, மா, பெலிம்பிங் என்கிற நட்சத்திரப் பழம் ஆகியவற்றைக் கெடுக்கிற ஈ. பாவற்காய், பீர்க்கு, புடலையைக் குத்துகிற ஈ வேறு சாதி. அது மெத்தில் யூஜெனால் பக்கம் திரும்பியும் பார்க்காது. அதற்குக் கியூ லூர் என்கிற வேறு வாசனை வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், எட்டுப் பொறியிலும் குவிவது உங்கள் வேலியோரக் கொய்யா மரத்து ஈதான்.

பிரித்துப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். இறக்கையை வெளிச்சத்தில் பிடியுங்கள். முன் விளிம்பு நெடுக அகலமான பழுப்புப் பட்டை ஓடி, நுனியில் திட்டாக முடிந்தால் பாவற்காய் ஈ. அதன் உடம்பும் செம்பழுப்பாக இருக்கும். இறக்கை கண்ணாடி போலத் தெளிந்து, விளிம்பில் மெல்லிய கோடு மட்டும் இருந்து, முதுகு கறுத்திருந்தால் கொய்யா ஈ. வீட்டு முன்னால் துளசி இருந்தால் அதன் மேல் ஈ மொய்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். துளசியிலும் மெத்தில் யூஜெனால் இருக்கிறது. அங்கே வருவதும் இந்தக் கொய்யா ஈதான்.

இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவரின் பீர்க்கந்தோட்டத்தில் மெத்தில் யூஜெனால் பொறிகளைக் கட்டிவிட்டு, வாரா வாரம் போய் ஈயை எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை ஏற ஏற எனக்குச் சந்தோஷம். ஒரு நாள் அவர் அழுகிய காய்களைக் கூடையோடு கொண்டுவந்து என் முன்னால் கொட்டி, "தம்பி, நீ பிடிக்கிறது யார் வீட்டு ஈ?" என்று கேட்டார். அந்தப் போகத்தில் அவருக்குப் போன பணத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அதற்குப் பிறகு எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் பொறியைப் பார்ப்பதற்கு முன் அழுகிய காயைத்தான் கையில் எடுப்பேன்.

சரி, கியூ லூர் வாங்கிக் கட்டினால் போதுமா? போதாது. இரண்டு வாசனையும் ஆண் ஈயைத்தான் இழுக்கும். காயைக் குத்தி முட்டை வைப்பது பெண். ஒரே ஆண் பல பெண்களோடு சேரும். பத்தில் எட்டு ஆணைப் பிடித்தாலும் மிச்சம் இரண்டே போதும். அது மட்டுமல்ல, சேர்ந்து முடித்த பெண் ஈ பக்கத்துக் கொல்லையிலிருந்து பறந்து வரும். பசிபிக்கில் ரோட்டா என்கிற தீவில் 1960களில் மெத்தில் யூஜெனாலும் விஷமும் ஊறிய அட்டைத் துண்டுகளை விமானத்திலிருந்து போட்டு அந்தக் கொய்யா ஈயை ஒழித்தார்கள். பாவற்காயை நம்மைப் போலவே விரும்பிச் சாப்பிடுகிற ஜப்பானின் ஒக்கினாவாவில், மலடாக்கிய ஈக்களைக் கோடிக்கணக்கில் வளர்த்து விட்டு 1993இல் பாவற்காய் ஈயை ஒழித்தார்கள். இரண்டு இடமும் கடல் சூழ்ந்த தீவு. உங்கள் ஒன்றரை ஏக்கரைச் சுற்றிக் கடல் இல்லை. ஆகையால் கியூ லூர் பொறி ஏக்கருக்குப் பத்து கட்டுங்கள், ஆனால் அது ஈ கூடுகிறதா குறைகிறதா என்று கணக்குப் பார்க்கத்தான். காயைக் காப்பாற்றுவது வேறு வேலைகள்.

நீங்கள் அடிக்கிற மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முட்டை தோலுக்கு அடியில் இருக்கிறது, புழு சதைக்குள் இருக்கிறது, கூட்டுப்புழு மண்ணுக்குள் இருக்கிறது. வெளியே திரிவது ஈ மட்டும். அதுவும் நாள் முழுக்க உங்கள் பந்தலில் உட்கார்ந்திருப்பதில்லை. வேலியோரச் செடிகளின் இலைகளில் தங்கி, முட்டை வைக்கும் நேரத்துக்கு மட்டும் பந்தலுக்கு வந்து போகும். நீங்கள் பந்தலை நனைக்கும்போது அது வேலியில் இருக்கிறது. பந்தலில் இருப்பது தேனீ. பாவற்பூ விடியற்காலையில் விரிகிறது. காலையில் மருந்து அடித்தால் மகரந்தம் சேர்க்க வந்ததைக் கொன்றுவிட்டு, அப்புறம் காய் பிடிக்கவில்லை என்று வருத்தப்படுகிறோம். இன்னொன்று என்னை எப்போதும் உறுத்தும். பாவற்காயை இரண்டு மூன்று நாளுக்கொரு முறை பறிக்கிறோம். அடித்தபின் ஒரு வாரம் பறிக்கக் கூடாது என்று போத்தலில் எழுதியிருக்கிற மருந்தை இந்தப் பயிருக்கு எப்படி நேர்மையாக அடிக்க முடியும்? ஈப்போ சந்தையில் அதை வாங்கிப் போகிறவர் குழந்தைக்குத்தான் சமைத்துக் கொடுப்பார்.

இப்போது வேலைக்கு வருகிறேன். எதைச் செய்யாவிட்டாலும் உதிர்ந்த காயைப் பொறுக்குவதை விடாதீர்கள். புழு தின்று முடித்ததும் காயை விட்டுத் துள்ளி வெளியே வந்து மண்ணுக்குள் போகும். பத்து நாள் போல ஆனால் ஈயாக மேலே வரும். பந்தலடியில் கிடக்கிற ஒரு காயிலிருந்து பல ஈக்கள் கிளம்பும். ஆகவே ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது, கொடியில் கோணித் தொங்குகிற காயையும் சேர்த்துப் பறித்துவிடுங்கள். அவற்றைக் குப்பைக் குழியில் எறிவதும் லேசாக மண் போட்டு மூடுவதும் வீண். ஈ மண்ணை முட்டிக்கொண்டு வந்துவிடும். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, இரண்டு வாரம் வெயிலில் போடுங்கள். அல்லது ஒன்றரை அடிக்குக் குறையாமல் குழி வெட்டிப் புதையுங்கள். கொய்யாப் பழத்துக்கும் இதேதான். குத்தகை நிலத்துக்குப் பக்கத்தில் யாராவது பூசணியோ வெள்ளரியோ போட்டிருந்தால் அவரிடமும் பேசுங்கள். அவருடைய அழுகல் உங்கள் ஈ.

அடுத்தது காயைப் பொதிவது. பேராக்கில் கொய்யா போடுகிறவர்களைப் பாருங்கள், பையில்லாத காய் பார்ப்பது அபூர்வம். பாவற்காயிலும் பூ வாடி உதிர்ந்து, பிஞ்சு விரல் நீளம் வந்ததும் பழைய நாளிதழைக் குழலாகச் சுற்றி, மேலே ஸ்டேப்ளர் அடித்துவிடுங்கள். பூ வாடுவதற்கு முன் பொதிந்தால் தேனீ வர முடியாது. ரொம்பத் தாமதித்தால் ஈ முந்திக்கொள்ளும். ஒன்றரை ஏக்கருக்கு இது சின்ன வேலை இல்லை, தெரியும். முதலில் பந்தலின் கால் பகுதியில் மட்டும் செய்து, பொதிந்த காயையும் பொதியாத காயையும் தனித்தனியாக எண்ணிப் பாருங்கள். கூலி கட்டுப்படியாகிறதா என்று அந்தக் கணக்கு சொல்லிவிடும்.

மருந்து வைக்க வேண்டிய இடம் வேலி. புதிதாக வெளிவந்த பெண் ஈக்கு முட்டை முதிர்வதற்குப் புரதம் வேண்டும், அதைத் தேடி நாள் கணக்கில் அலையும். அந்தப் பசிதான் நமக்குக் கிடைக்கிற வழி. நிலத்தைச் சுற்றி இரண்டு வரிசை சோளம் நடுங்கள், ஈக்குத் தங்க வசதியான செடி அது. ஸ்பினோசாட் என்கிற பூச்சி மருந்து கலந்த புரத உணவை, போத்தலில் எழுதியுள்ள அளவுப்படி, காலையில் அந்தச் சோள இலைகளின் அடிப்புறத்தில் மட்டும் திட்டுத் திட்டாகத் தெளியுங்கள். ஸ்பினோசாட் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுப்பது. பூவிலும் காயிலும் படக் கூடாது. வாரம் ஒரு முறை போதும், ஆனால் சாயங்கால மழை கழுவிவிட்டால் மறுபடி வைக்க வேண்டும். பீர் ஆலையில் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து இந்தப் புரதத்தை நம் மலேசியாவிலேயே தயாரித்திருக்கிறார்கள். வேப்பெண்ணெயை அசுவினிக்கு வைத்துக்கொள்ளுங்கள், இந்த ஈக்கு அதை நம்பாதீர்கள்.

நம்புகிறீர்களா என்று கேட்டிருந்தீர்கள். நானும் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன்தான். 1950களின் கடைசியிலும் 60களிலும் செம்பனைத் தோட்டங்களில் கடுமையான மருந்துகளை அடிக்க அடிக்க, பையைச் சுமந்துகொண்டு இலை தின்கிற புழு பெருகிப் பெருகி வந்தது. அதைத் தின்று அடக்கி வைத்திருந்த குளவிகளும் மற்றப் பூச்சிகளும் மருந்தில் செத்துப்போனதுதான் காரணம். அந்த அடியை வாங்கிய பிறகுதான் தோட்டங்கள் மாறின. இன்றைக்கு உங்கள் பக்கத்துச் செம்பனைக்குள் வண்டிப் பாதையோரம் வரிசையாகப் பூச்செடி நட்டிருந்தால் அது அழகுக்காக இல்லை, குளவிக்குத் தேன். எலிக்கு ஆந்தைப் பெட்டி வைப்பதும் அப்படித்தான். பழ ஈக்கும் எதிரி உண்டு. ஈ வைத்த முட்டைக்குள்ளேயே தன் முட்டையை வைக்கிற ஒரு சின்னக் குளவியை 1940களின் இறுதியில் மலாயாவிலிருந்து ஹவாய்க்குக் கொண்டுபோனார்கள். அங்கே கொய்யா ஈயை அடக்கியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. நம் மண்ணுக் குளவி, தம்பி. உங்கள் கொய்யா மரத்தைச் சுற்றியும் அது பறந்துகொண்டிருக்கலாம். வாரம் இரண்டு தடவை அடிக்கிற மருந்தில் அதுவும் சாகிறது.

இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். வாய் அகன்ற போத்தலில் மூன்று விரல் உயரத்துக்கு ஈர மணல் போட்டு, புழு விழுந்த பாவற்காய் இரண்டை அதன் மேல் வையுங்கள். இன்னொரு போத்தலில் கொய்யாப் பழம். வாயை மெல்லிய துணியால் கட்டி நிழலில் வைத்து, இரண்டு மூன்று வாரம் பொறுத்திருங்கள். வெளியே வருகிற ஈயின் இறக்கையைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எறும்பை விடச் சற்றே பெரிதாக, நீண்ட மீசையோடு மெல்லிய குளவி ஏதாவது வந்தால் அதையும் படம் எடுத்துவிட்டு, கொய்யா மரத்தடியில் போய் அந்தக் குளவியை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள், ஈயை விடாதீர்கள்.