முட்டியில் வந்த தேனீ ஏன் நிற்குதில்லை?

கேள்வி: நெடுங்கேணிப் பக்கம் எங்கள் தோட்டம். வேம்பில் இரண்டு மண்முட்டி கட்டிவிட்டேன், தேனீ தானாக வந்து கூடு வைத்தது. ஐப்பசிக் கடைசியில் தேன் எடுத்தேன், ஒரு கிழமைக்குள் இரண்டு முட்டியும் வெறுமை. போன வருடமும் இதே கதைதான். பெட்டி வாங்கட்டா?

பதில்: தம்பி, முட்டியில் பிழை இல்லை. தேன் எடுத்தேன் என்கிறீர்கள், எவ்வளவு மிச்சம் விட்டீர்கள் என்று எழுதவில்லையே! அடைமழையில் பூச்சி வெளியே பறக்காது, சேர்த்து வைத்ததைத்தான் தின்னும். மாரி தொடங்குகிற நேரம் பார்த்து அதையும் வழித்தெடுத்தால் பூச்சி இருந்து என்ன செய்வது? நம்முடைய தேனீ பசி, எறும்பு, வெக்கை, அடிக்கடி கிண்டுவது எதையும் கனநாள் பொறுக்காது, கூட்டோடு கிளம்பிவிடும். வீடியோக்களில் காட்டுகிற பெரிய பெட்டிகள் மேலைநாட்டுத் தேனீக்கு உரியவை, அந்த இனம் இலங்கையில் கிடையாது.

வதையின், அதாவது தேனடையின், மேற்பகுதியில் தேன், கீழே குஞ்சு. கரையோரம் குஞ்சில்லாத, மெழுகு மூடிய தேன்வதையை மட்டும் வெட்டுங்கள், அதிலும் பாதியை விடுங்கள். குஞ்சு வதையைப் பிழிகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள், பூச்சி போவதற்கு அதைவிட வேறு காரணம் வேண்டாம், தேனும் புளித்துப்போகும்.

மழை விடாமல் பெய்கிற நாட்களில் சீனியும் தண்ணீரும் சம அளவில் கரைத்து, சிரட்டையில் நாலு குச்சி போட்டு, பொழுதுபட்ட பிறகு வையுங்கள். பகலில் வைத்தால் அயல் கூட்டுப் பூச்சி கொள்ளையடிக்க வரும்.

மரத்தில் முசுறு இருந்தால் முட்டியைக் கழற்றி நாலுகால் தாங்கியில் வைத்து, கால்களுக்குக் கீழே தண்ணீர் நிரம்பிய பேணி வையுங்கள். இப்போது வெறுமையாகக் கிடக்கிற முட்டிகளில் பழைய வதை இருக்கும், அதில் அந்துப்பூச்சி முட்டையிட்டுவிடும். சுரண்டித் துப்புரவாக்கி, உள்ளே கொஞ்சம் தேன்மெழுகு தேயுங்கள், புதுக்கூட்டம் அந்த வாசத்துக்கு வரும்.

அப்புறம், தோட்டத்து ஓரத்துப் பாலை, வீரை மரங்களையும் பற்றையையும் வெளியாக்கிப்போட்டுத் தேன் குறைந்துவிட்டது என்று அடுத்த கேள்வி எழுதாதீர்கள். எள்ளு பூத்திருக்கும்போது காலையில் மருந்தடிக்கவும் வேண்டாம், அடித்தே ஆகவேண்டும் என்றால் பூச்சி கூட்டுக்குத் திரும்பிய பிறகு, பின்னேரம் கடந்து அடியுங்கள்.