பானெட்டில் ‘428’, தகட்டில் ‘எச்’

வாசகர் கேள்விகள்: பழைய வாகனங்கள்

கேள்வி: புதுச்சேரி குருசுக்குப்பத்தில் ஒரு வீட்டு ஷெட்டில் பல ஆண்டுகளாகத் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் 1969ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் கார் விலைக்கு வந்திருக்கிறது. ‘மாக் 1 மாடல், 428 கோப்ரா ஜெட் இன்ஜின், கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது’ என்று சொல்லும் தரகர், 5 லட்சம் ரூபாய் அட்வான்ஸ் கேட்கிறார். பானெட் மேல் காற்று நுழையும் புடைப்பான ஸ்கூப்பிலும் ‘428 கோப்ரா ஜெட்’ என்றே எழுதியிருக்கிறது. டாஷ்போர்டுத் தகட்டில் உள்ள எண் ‘9ஆர்02எச்’ என்று தொடங்குகிறது. கதவுத் தகட்டில் ‘63சி’ என்று படிக்க முடிகிறது. நம்பி வாங்கலாமா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: எண்ணைக் குறித்து அனுப்பினீர்களே, அதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும், கேள்விக்குப் பாதி விடை அதிலேயே இருக்கிறது. முதலில் வரும் ‘9’ 1969 மாடல் ஆண்டைக் குறிக்கிறது. அடுத்துள்ள ‘ஆர்’ கலிஃபோர்னியாவின் சான் ஹோசே தொழிற்சாலை. ‘02’ என்பது பின்கூரை சரிந்து இறங்கும் ஃபாஸ்ட்பேக் உடல். ஐந்தாவதாக நிற்கும் எழுத்துதான் இன்ஜினுக்கு உரியது. அந்த ஆண்டில் கோப்ரா ஜெட் என்ற 428 கன அங்குல சக்தி வாய்ந்த இன்ஜினைப் பொருத்தி அனுப்பிய வண்டியானால் அந்த இடத்தில் ‘க்யூ’ இருக்கும். வெளிக்காற்றை ஸ்கூப் வழியாக இன்ஜினுக்குள் செலுத்தும் ராம் ஏர் வசதியுடன் வந்ததானால் ‘ஆர்’ இருக்கும். உங்கள் எண்ணில் உள்ள ‘எச்’, இரண்டு பேரல் கார்புரேட்டர் கொண்ட 351 கன அங்குல வி8 இன்ஜினைக் குறிப்பது. தரகர் கெட்டிக்காரராக இருந்தால் இரண்டாவதாக உள்ள ‘ஆர்’ எழுத்தைத் தொட்டுக் காட்டி, ‘இதோ ராம் ஏர்’ என்று சொல்லக்கூடும். அது தொழிற்சாலையின் எழுத்து என்பதை நினைவில் வையுங்கள்.

அதற்காக வண்டியே போலி என்று நான் சொல்லவில்லை. ‘63சி’ என்பது 1969 மாக் 1 மாடலுக்கு உரிய உடல் குறியீடு. சாதாரண ஃபாஸ்ட்பேக்கானால் ‘63ஏ’ என்று இருந்திருக்கும். அந்த ஆண்டு மாக் 1 மாடலின் அடிப்படை இன்ஜினே இந்த 351தான் என்பதால், இரு தகடுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. அவற்றோடு ஒத்துப்போகாதது ஸ்கூப்பில் உள்ள எழுத்து மட்டுமே. அந்த எழுத்து கடையில் கிடைக்கும் ஸ்டிக்கர். அமெரிக்காவில் அந்த ஒரே ஆண்டில் 72,458 மாக் 1 வண்டிகள் உற்பத்தியாயின. ஆகவே ‘மாக் 1’ என்ற பெயர் மட்டும் அங்கே ஒரு வண்டியை அரிய பொருளாக்கிவிடாது. விலையை ஏற்றுவது கோப்ரா ஜெட் என்ற சொல்தான், அந்தச் சொல்லுக்குத்தான் இங்கே ஆதாரம் இல்லை.

கதவுத் தகடும் புதிதாக அடித்து விற்கப்படுகிற பொருள் என்பதால், அதோடு நிறுத்திவிடக் கூடாது. பானெட்டைத் திறந்து, முன்சக்கரத்துக்கு மேலே மட்கார்டின் உள்பக்கமுள்ள தகட்டில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். பெயின்ட் மூடியிருந்தால் தின்னர் தோய்த்த துணியால் துடையுங்கள். எமரித் தாள் கொண்டு தேய்க்க எந்த மெக்கானிக்கையும் அனுமதிக்காதீர்கள், ஏனெனில் மங்கிய எண் பின்னாளில் உங்களைத்தான் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். 1968 முதல் இன்ஜின் பிளாக்கிலும் இதே வரிசை எண்ணின் பகுதி அச்சடிக்கப்பட்டது. வார்ப்பில் தேதிக் குறியும் இருக்கும்: ‘9ஏ15’ என்றால் 1969 ஜனவரி 15. வண்டி தொழிற்சாலையில் உற்பத்தியான தேதிக்குப் பிறகு வார்த்த பிளாக் அந்த வண்டியின் முதல் இன்ஜினாக இருக்க முடியாது.

இறுதிச் சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் மார்ட்டி ஆட்டோ ஒர்க்ஸ் நிறுவனம், 1967 முதலான ஃபோர்டு உற்பத்திப் பதிவேடுகளை உரிமம் பெற்று வைத்திருக்கிறது. முழு எண்ணைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், அந்த வண்டி எந்த நிறத்தில், எந்த இன்ஜினோடு, என்று உற்பத்தியானது என்ற அறிக்கை கிடைக்கும். அது கைக்கு வரும்வரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். அந்த அறிக்கைக்குக் காத்திருக்கத் தரகர் சம்மதிக்கவில்லை என்றால் நான் அந்த வீட்டுப் பக்கம் மறுபடி போகமாட்டேன்.

கேள்வி: எங்களிடம் உள்ள அமெரிக்கக் காரில் அப்பா காலத்திலேயே பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு மட்டடார் வேனின் டீசல் இன்ஜினைப் பொருத்தியிருக்கிறார்கள். விண்டேஜ் பதிவு கிடைக்குமா? விலை குறையுமா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: பெட்ரோல் செலவுக்குப் பயந்து அந்நாளில் பல பெரிய கார்களுக்கு நேர்ந்த கதி இது, உங்கள் அப்பாவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 2021 ஜூலையில் வந்த மத்திய விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த வண்டி, சேஸிஸ், உடல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருந்தால்தான் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் கொண்ட விண்டேஜ் எண்ணைப் பெற முடியும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லுபடி. மறுபதிவுக்கு 5,000 ரூபாய். அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் அந்த எண் உதவாது. ஆகவே, கழற்றிய இன்ஜின் எங்காவது மூலையில் கிடக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அது கிடைத்து, எண்ணும் பொருந்தினால், மறுபடி பொருத்தும் செலவைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணோடு பென்சில் பிரிண்ட் எடுத்து ஒப்பிடுவதும் அவசியம். அமெரிக்க வண்டிகளில் இன்ஜின் எண் தனியாகத் தெரியாததால், வார்ப்பு எண்ணையே இன்ஜின் எண் என்று எழுதிவைத்த ஆர்.சி.யை நானே பார்த்திருக்கிறேன். வண்டி நாட்டுக்குள் வந்த வழிக்கான தாள், சுங்கத்துறையின் பில் ஆஃப் என்ட்ரியோ, தூதரகக் கார்களை அரசு வர்த்தகக் கழகம் விற்றபோது கொடுத்த கடிதமோ, இருந்தால் பத்திரப்படுத்துங்கள். வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.

கேள்வி: அமெரிக்க விலைப் பட்டியலில் உள்ள டாலரை ரூபாயாக மாற்றினால் விலை தெரிந்துவிடாதா?
– வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: தெரியாது. ஹேகர்ட்டி போன்ற பட்டியல்கள் ஒரே மாடலுக்கு நான்கு தர நிலைகளில் விலை தருகின்றன. விற்பவர் எல்லோரும் முதல் நிலையைத்தான் படித்துக் காட்டுவார்கள், அதுவோ கண்காட்சியில் பரிசு வாங்கும் வண்டிக்கு உரியது. உங்கள் ஊரிலும் புதுச்சேரியிலும் கடற்காற்றில் நின்ற வண்டி நான்காம் நிலையைத் தொட்டாலே பெரிது. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைக் கதவின் அடிப்பகுதியிலும் பின்சக்கர வளைவிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவும் இடமெல்லாம் டிங்கரிங் கடைக்காரர் தடவிய பட்டி. அந்தக் கால மஸ்டாங்கானால் முன்கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் துளைகள் வழியாக ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றி, உள்ளே கால் வைக்கும் இடத்தைத் தடவிப் பாருங்கள். அங்கே ஈரம் தட்டினால், டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள தகடு அரித்துவிட்டது என்று பொருள். அதை மாற்ற முன்புறத்தில் பாதியைப் பிரிக்க வேண்டியிருக்கும், அந்தச் செலவை விலையிலிருந்து கழித்த பிறகே பேரத்துக்கு உட்காருங்கள்.