காலையில் நடுங்கும் எஞ்சின்: கார்பன் எங்கே படிந்திருக்கிறது?

சிங்கப்பூரின் ஈசூன் வட்டார வாசகர் ஒருவர் கேட்கிறார்: “என் 7 ஆண்டு டர்போ கார் காலையில் ஸ்டார்ட் ஆனதும் அரை நிமிடம் நடுங்கிவிட்டுச் சீராகிறது. சிக்னலில் நிற்கும்போது ஆர்பிஎம் முள் ஏறி இறங்குகிறது. கார்பன் என்கிறார் மெக்கானிக். பெட்ரோலில் கலக்கும் கிளீனர் போதுமா?”

பெரும்பாலும் போதாது. இன்றைய டர்போ எஞ்சின்கள் பலவற்றில் இன்ஜெக்டர் பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சுவதால், காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வின் பின்புறத்தில் பெட்ரோல் படுவதே இல்லை. எஞ்சினின் அடிப்பகுதியான கிரேங்க்கேஸிலிருந்து திரும்பி வரும் எண்ணெய் ஆவியோ காற்று போகும் வழியாகவே சென்று, சூடான வால்வில் கருகி, நாளடைவில் தார் போலத் தடித்துவிடுகிறது. கிளீனர் இன்ஜெக்டர் முனையைச் சுத்தம் செய்யலாம், அந்த வால்வை எட்டாது. 98 ஆக்டேன் பெட்ரோல் நிரப்பியும் பயனில்லை. அந்த எண், பெட்ரோல் கட்டுக்கடங்காமல் தானே வெடிக்கும் எஞ்சின் தட்டலைத் தாங்கும் திறனையே குறிக்கிறது.

படிவு கரடுமுரடாக இருந்தால் எல்லாச் சிலிண்டருக்கும் காற்று ஒரே சீராகப் போகாது. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் இந்த வேறுபாட்டைத் தாங்காமல் ஏதோவொரு சிலிண்டர் எரியத் தவறுகிறது. காலை நடுக்கம் அதனால்தான் வருகிறது.

முள் ஏறி இறங்குவதற்கு நான் முதலில், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைப் பார்ப்பேன். ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் ஓடுகையில், அதன் தட்டு ஏறக்குறைய மூடியே இருப்பதால், விளிம்பில் படியும் மெல்லிய கரிகூடக் காற்றைக் குறைத்துவிட, கணினி தட்டைச் சற்றே திறந்தும் மூடியும் ஈடுகட்ட முயல்கிறது. துடைப்பது சிறு வேலைதான். முடிந்ததும் ஐடில் அளவைக் கணினியில் மீண்டும் பதியச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஆர்பிஎம் கூடுதலாகவே நிற்கக்கூடும்.

எஞ்சின் சூடான பிறகும் நடுக்கம் நீடித்தால் இக்னிஷன் காயில், ஸ்பார்க் பிளக், காற்றுக் கசிவு ஆகியவற்றைச் சோதியுங்கள். ஸ்டார்ட் செய்கையில் எஞ்சின் மந்தமாகச் சுழன்றால் பேட்டரியைப் பாருங்கள். நம் ஊர் வெப்பத்தில் அது சீக்கிரமே தளர்ந்துவிடும்.

இவை சரியாக இருந்தும் குறை தீராவிட்டால், சிறு கேமராவை உள்ளே விட்டு வால்வைப் படமெடுத்துக் காட்டச் சொல்லுங்கள். படத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். தடித்த கரி தெரிந்தால் காற்றுக் குழாய்த் தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, அக்ரூட் ஓட்டுத் தூளை அழுத்தக் காற்றில் பாய்ச்சிச் சுத்தம் செய்வதே உருப்படியான வழி. கார் வைத்திருக்கத் தரப்படும் 10 ஆண்டு உரிமமான சிஓஇ முடிய இன்னும் 3 ஆண்டு இருப்பதால் இச்செலவு உங்களுக்குத் தகும். ஓராண்டே எஞ்சியிருந்தால் த்ராட்டில் பாடியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருப்பேன்.

சுத்தம் செய்தபின் எஞ்சின் எண்ணெயைக் குறித்த காலத்தில் மாற்றுங்கள். வீட்டுக்கும் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கும் மட்டுமே ஓடும் காரை அவ்வப்போது விரைவுச்சாலையில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். கார்நிறுத்தத்தில் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்குவது கரிக்கு மருந்தாகாது, இங்கே அது அபராதத்துக்குரிய குற்றமும்கூட.