ஊட்டிக் குளிரில் பாப்-அப் டிரெய்லர்: சூடு படுக்கைக்கு, அறைக்கு அல்ல

கேள்வி: நாங்கள் மடிப்பாக்கத்தில் இருக்கிறோம். காரின் பின்னால் இழுத்துப் போகும் பாப்-அப் டிரெய்லர் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். மேல்கூரை உயர்ந்து, இரண்டு பக்கமும் படுக்கைகள் வெளியே நீளும்; சுவரெல்லாம் கேன்வாஸ். பொங்கல் விடுமுறையில் ஊட்டிக்குப் பக்கத்தில் நண்பரின் தோட்டத்தில் மூன்று இரவு தங்கத் திட்டம். நான், மனைவி, ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன், அம்மா. அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு, இன்சுலின் போடுகிறார். நண்பர் வீட்டிலிருந்து கரண்ட் இழுத்துக்கொள்ளலாம். ரூம் ஹீட்டர் ஒன்று வாங்கினால் போதுமா? ராத்திரி கேஸ் அடுப்பைச் சிம்மில் எரிய விடலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டவே வேண்டாம். சிம்மிலும் வேண்டாம், ஐந்து நிமிஷத்துக்கும் வேண்டாம். கரி அடுப்பு, பார்பிக்யூ மிச்சத் தணல், எதுவுமே டிரெய்லருக்குள் வரக்கூடாது. மலையில் அறைக்குள் கரியை மூட்டிவிட்டுத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி என்றுதான் ஆரம்பிக்கும். பயணக் களைப்பு என்று நினைத்து இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுப்போம். துணிச் சுவர்தானே, காற்று வரும் என்று நம்பாதீர்கள். குளிருக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் மூடிய பிறகு அதுவும் அறைதான். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆன்லைனில் கிடைக்கிறது. நெருப்பே மூட்டாவிட்டாலும் ஒன்று வாங்கி, தலைமாட்டு உயரத்தில் மாட்டுங்கள். பக்கத்தில் யாராவது ஜெனரேட்டர் ஓட்டினாலும் அது கத்தும்.

கேஸ் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். அது முழுக்கக் குளிர்ந்த கேன்வாஸில் போய்ப் படிந்து, விடியற்காலையில் உங்கள் போர்வை மேல் சொட்டும். சமையலை வெளியே வைத்துக்கொள்ளுங்கள், சிலிண்டரும் வெளியேதான். கையடக்க பியூட்டேன் கேன் அடுப்பை நம்பிப் போகாதீர்கள். பியூட்டேன் பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் வாயுவாக மாற மறுக்கும். காலை காபிக்குப் பற்ற வைத்தால் மினுக் மினுக் என்று அணையும்.

சரி, ரூம் ஹீட்டர்.

ஜனவரியில் ஊட்டி ஊருக்குள் இரவு சராசரியாக ஐந்தாறு டிகிரி வரை இறங்கும். வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவுகளில் தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி போன்ற தாழ்வான இடங்களில் பூஜ்யத்தைத் தொட்டு உறைபனி விழும். கேன்வாஸோ ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. அதற்குள் காற்றைச் சூடாக்கி வைக்க நினைப்பது சல்லடையில் தண்ணீர் பிடிக்கிற கதைதான். ஹீட்டர் ஓடும்வரை கதகதப்பாக இருக்கும், நிறுத்திய சில நிமிஷத்தில் வெளியே என்ன குளிரோ அதேதான் உள்ளேயும். அதனால் ஹீட்டரை ராத்திரி முழுக்க நம்பாமல், படுக்கப் போகும் முன் அரை மணி, காலையில் உடை மாற்றும்போது அரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்கச் சூடு தர வேண்டியது படுக்கை.

ஹீட்டர் வாங்கும்போது சிவப்பாகக் கனலும் ராடு, ஹாலஜன் வகைகளை விட்டுவிடுங்கள். துணிக்கும் மெத்தைக்கும் நடுவே அது ஆபத்து. கீழே சாய்ந்தால் தானாக அணையும் ஃபேன் ஹீட்டர் போதும். சுற்றிலும் ஒரு மீட்டர் இடம் விட்டு, பையன் கால் படாத இடத்தில் தரையில் வையுங்கள். 2000 வாட் ஹீட்டரில் பெரும்பாலும் 1000 வாட் செட்டிங் ஒன்று இருக்கும், அதையே பயன்படுத்துங்கள். முழு வேகத்தில் ஓட்டினால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். வீட்டில் டிவிக்குப் போடும் சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் 6 ஆம்பியருக்கானது. உருகுவது பிளக் முனையில்தான் ஆரம்பிக்கும், கருகல் வாடை வந்த பிறகு கண்டுபிடிப்பீர்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கம்பி வயர், 16 ஆம்பியர் பிளக் போட்டு எலக்ட்ரீஷியனிடம் ஒன்று செய்துகொள்ளுங்கள். வயரைச் சுருளாக விட்டுவிடாமல் முழுக்கப் பிரித்து விரியுங்கள், சுருளுக்குள் சூடு தேங்கும். நண்பர் வீட்டில் அந்த லைனில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பனியில் நனைந்த புல்லில் கரண்ட் வயர் கிடக்கப் போகிறது.

கரண்ட் போனால் டிரெய்லர் பேட்டரி இருக்கிறதே என்று நினைப்பீர்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதிவரைதான் இழுக்கலாம், அதாவது சுமார் 600 வாட்-மணி. 1000 வாட் ஹீட்டர் அதை அரை மணி நேரத்தில் தின்றுவிடும், இன்வெர்ட்டரில் வீணாவது தனி. அதே பேட்டரியில் 60 வாட் மின்போர்வை ஒன்று ராத்திரியைப் பெருமளவு ஓட்டிவிடும். அறையைச் சூடாக்குவதற்கும் உடம்பைச் சூடாக்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை இந்தக் கணக்கிலேயே பார்க்கலாம்.

இப்போது படுக்கை. உங்கள் டிரெய்லரில் வெளியே நீளும் இரண்டு இறக்கைப் படுக்கைகளுக்கும் கீழே ஒரு பிளைவுட் பலகைதான், அதற்கும் கீழே வெறும் மலைக்காற்று. மேலே மூன்று ரஜாய் போர்த்தினாலும் முதுகு சில்லிட்டுக் கிடப்பது இதனால்தான். உடம்பின் எடையில் மெத்தையின் பஞ்சு நசுங்கி, அதில் இருந்த காற்று வெளியேறிவிடுகிறது. காற்று இல்லாத பஞ்சு குளிரைத் தடுக்காது. ஆகவே போர்வைக்குச் செலவு செய்யும் முன் அடிப்பக்கத்துக்குச் செலவு செய்யுங்கள். குழந்தைகள் விளையாடக் கோத்து விரிக்கும் ஈவிஏ மேட் இருக்கிறதே, அது நசுங்காது, ஈரமும் குடிக்காது. பலகைமேல் அதை இடைவெளி இல்லாமல் பரப்புங்கள். தகரக் கூரைக்கு அடியில் ஒட்டும் வெள்ளி நிற பபிள் ஷீட்டும் வாங்கி, மேட்டுக்கு அடியில் ஓர் அடுக்கு போடுங்கள். மிச்சம் வருவதை பிளாஸ்டிக் ஜன்னல்களின் அளவுக்கு வெட்டி உள்பக்கம் செருகலாம். இவற்றின் மேல் மெத்தை, மெத்தைமேல் ஒரு கம்பளி, அதன்மேல் படுக்கை விரிப்பு. காற்றடிக்கும் ஏர் பெட் இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் காற்று சுழன்று சுழன்று உடம்புச் சூட்டைக் கீழே கடத்தும்.

டிரெய்லரின் நடுவில், சாப்பாட்டு மேஜையை இறக்கினால் படுக்கையாகும் இடம் இருக்கும் அல்லவா? அது பெட்டிக்குள் இருப்பதால் அடியில் காற்று நேரடியாக அடிக்காது. இருப்பதிலேயே கதகதப்பான இடம் அதுதான். குழந்தைகளை அங்கே போடுங்கள். நீங்களும் மனைவியும் ஓர் இறக்கையில். இன்னோர் இறக்கையைத் திறக்கவே வேண்டாம் என்றால் இன்னும் நல்லது. எல்லா மாடலிலும் அப்படி ஒரு பக்கம் மட்டும் விரிக்க வராது, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் காலியான இறக்கையின் வாயில் தடித்த போர்வை ஒன்றைத் திரையாகக் கட்டி அடைத்துவிடலாம். தரை வினைல் காலையில் ஐஸாக இருக்கும். போகிற வழியில் பவானி வருகிறது, இரண்டு ஜமக்காளம் வாங்கிப் போட்டுவிடுங்கள்.

ஸ்லீப்பிங் பேக் வாங்குவதாக இருந்தால் லேபிளில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். கம்ஃபர்ட், லிமிட் என்று இரண்டு வெப்பநிலை இருக்கும். லிமிட் என்பது குளிருக்குப் பழகியவர் சுருண்டு படுத்துச் சமாளிப்பதற்கு. நமக்குக் கம்ஃபர்ட் எண்தான் கணக்கு. மார்கழியில் இருபது டிகிரிக்கே ஸ்வெட்டர் தேடும் ஊர்க்காரர்கள் நாம், கம்ஃபர்ட் பூஜ்யம் என்று இருப்பதை எடுங்கள்.

படுக்கும் முன் உள்ளாடை உட்பட எல்லாவற்றையும் உலர்ந்ததாக மாற்றுங்கள். பகலில் நடந்த வியர்வை பருத்தியில் தங்கி, ராத்திரி முழுக்கச் சூட்டை உறிஞ்சும். சாக்ஸ் தளர்வாக இருக்கட்டும். மங்கி கேப் போட்டுக்கொள்ள மகள் கூச்சப்பட்டால் மஃப்ளராவது சுற்றிவிடுங்கள். உடம்புச் சூட்டில் பாதி தலைவழியே போகிறது என்பது கட்டுக்கதை. ஆனால் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது தலை மட்டும்தானே. முகத்தைப் போர்வைக்குள் புதைத்துக்கொள்ளாதீர்கள், மூச்சின் ஈரம் போர்வையை நனைக்கும். குளிருக்கு ஒரு பெக் என்று நண்பர் ஆரம்பித்தால், தோலில் தெரியும் அந்தச் சூடு உடம்பை விட்டு வெளியேறும் சூடு என்று சொல்லிவிடுங்கள். அதற்குப் பதில் படுக்கும் முன் கடலைமிட்டாய் தேவலை.

அப்புறம், வெந்நீர். இருப்பதிலேயே மலிவான, கரண்ட் வேண்டாத ஹீட்டர் இது. ஒரு லிட்டர் வெந்நீர் ஆறுவதற்குள் கிட்டத்தட்ட 50 வாட்-மணிச் சூட்டைப் போர்வைக்குள்ளேயே விட்டுவிட்டுப் போகும். மருந்துக்கடையில் கிடைக்கும் ரப்பர் பையில் முக்கால் பங்கு ஊற்றி, மிச்சக் காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, மூடியைத் திருகி, துண்டில் சுற்றி, படுப்பதற்குக் கால் மணி முன்பு கால்மாட்டில் வையுங்கள். கொதிநீர் வேண்டாம், கொதித்து அடங்கிய தண்ணீர் போதும்.

அம்மாவுக்கு மட்டும் இது கூடாது. நாள்பட்ட சர்க்கரையில் பாதங்களில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், சுடுவது தெரியாமல் கொப்புளம் வந்துவிடும். அவருக்கு மின்போர்வையும் இதே காரணத்துக்காக வேண்டாம். வேண்டுமானால் படுக்கும் முன் போட்டுப் படுக்கையைச் சூடாக்கிவிட்டு, அவர் ஏறியதும் பிளக்கைப் பிடுங்கிவிடலாம். இன்சுலினைக் காரிலோ டிரெய்லர் அலமாரியிலோ வைக்காதீர்கள். உறைந்துபோனால் அது கெட்டுவிடும், பிறகு உருகிப் பார்க்க நன்றாக இருந்தாலும் போடக்கூடாது. குளூகோமீட்டரும் கடுங்குளிரில் எரர் காட்டும், உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால், பகலெல்லாம் அம்மா உங்களோடு இருக்கட்டும், ராத்திரி நண்பர் வீட்டுக்குள் படுக்கட்டும், இன்சுலினும் அங்கேயே இருக்கட்டும். நடுராத்திரி பாத்ரூமுக்கு டிரெய்லர் படி இறங்கி ஈரப் புல்லில் நடப்பது 68 வயதில் தேவையில்லாத வேலை. இதை அவர் ஒத்துக்கொள்ளும்படி சொல்வது உங்கள் சாமர்த்தியம்!

பையனுக்குக் குளிர்கிறதா என்று கையைத் தொட்டுப் பார்ப்பது சரியான வழி அல்ல, குழந்தைகளின் கை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பிடரியிலோ நெஞ்சிலோ கை வைத்துப் பாருங்கள். அங்கேயும் சில்லிட்டிருந்தால் யோசிக்காமல் வீட்டுக்குள் தூக்கிப் போய்விடுங்கள்.

தோட்டத்தில் டிரெய்லரை எங்கே நிறுத்துவது என்பதும் ஓரிரு டிகிரியைத் தீர்மானிக்கும். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஓடைக்கரை, பள்ளத்துப் புல்வெளி எல்லாம் பகலில் அழகு, ராத்திரி உறைபனி விழும் இடம். சரிவின் நடுவில், ஒரு வேலியோ கட்டிடமோ காற்றை மறைக்கும் இடமாகப் பாருங்கள். உறைபனிக் காலத்தில் ஊட்டி தாவரவியல் பூங்காவில் செடிகளை ராத்திரி மூடி வைப்பதைப் பார்த்திருக்கலாம். தெளிந்த வானத்துக்குச் சூடு நேரடியாகப் போய்விடாமல் தடுப்பதற்குத்தான் அது. நீங்களும் டிரெய்லர் கூரைக்கு மேலே ஓரடி இடைவெளி விட்டு ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டுங்கள். பனி தார்ப்பாயில் விழும், கேன்வாஸ் அவ்வளவாக நனையாது.

இவ்வளவும் செய்துவிட்டு, இரண்டு எதிரெதிர் ஜன்னல்களை இரண்டு விரல் அளவு திறந்து வைக்கச் சொல்வேன். கோபப்படாதீர்கள். தூங்கும் ஒருவர் மூச்சிலும் தோலிலுமாக ராத்திரிக்கு ஒரு டம்ளர் தண்ணீராவது வெளியே விடுகிறார். நாலு பேருக்கு நாலு டம்ளர். அது வெளியேற வழி இல்லாவிட்டால் கேன்வாஸில் வியர்த்து, மெத்தை ஓரம் ஊறி, இரண்டாம் நாள் ராத்திரி ஈரப் படுக்கையில் படுப்பீர்கள். ஈரப் படுக்கையின் குளிர் இரண்டு விரல் காற்றைவிட மோசம்.

கிளம்பும் முன் சென்னையில் குளிரைச் சோதிக்க வழியில்லை, ஓட்டையைச் சோதிக்கலாம். இருட்டிய பிறகு வீட்டு வாசலில் டிரெய்லரை விரித்து, உள்ளே நல்ல வெளிச்சம் போட்டு, வெளியே நின்று சுற்றி வாருங்கள். வெல்க்ரோ சரியாக ஒட்டாத மூலை, கதவு இடுக்கு, இறக்கை சேரும் இடம் எங்கெல்லாம் ஒளி கசிகிறதோ அங்கெல்லாம் குளிர் நுழையும். நீலகிரிக்கு இ-பாஸ் எடுத்துவிடுங்கள், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் ஸ்டீல் பாட்டில்கள் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுச் சாமான் எதையும் ராத்திரி டிரெய்லரில் வைக்காதீர்கள், அந்தப் பக்கம் கரடி நடமாட்டம் உண்டு. கரடிக்குக் கேன்வாஸ் ஒரு தடையே இல்லை.

திரும்பும் நாள் காலையில் துணி ஈரமாகத்தான் இருக்கும், வேறு வழியில்லாமல் அப்படியே மடித்துத்தான் கிளம்புவீர்கள். அதைச் சென்னைப் புழுக்கத்தில் இரண்டு நாள் மூடி வைத்தால் கரும்புள்ளி பூத்துவிடும், பிறகு எந்தச் சோப்புக்கும் போகாது. மடிப்பாக்கத்துத் தெருவில் விரித்துப் போட இடம் தேடுவதைவிட, மலை இறங்கியதும் மேட்டுப்பாளையம் தாண்டி நிழல் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தி, நீங்கள் மதியச் சாப்பாடு முடிக்கும்வரை விரித்து விடுங்கள். தை மாத வெயிலுக்கு இரண்டு மணி நேரம் போதும். மெத்தைகளைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தையும் காய விடுங்கள்.