டிரம் கோர் கேள்வி பதில்: மைக், சின்த், டியூபா சண்டை

டிரம் கோர் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதற்கு இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு வரி: அமெரிக்காவில் இளைஞர்கள் கோடை முழுக்க பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் பிராஸ் என்ற பித்தளை ஊதுவாத்தியங்கள், டிரம், கொடி சுழற்றும் கலர் கார்டு மூன்றையும் வைத்து 10, 12 நிமிட ஷோ செய்து மார்க் வாங்கும் போட்டி இது. டிசிஐ (டிரம் கோர் இண்டர்நேஷனல்) என்ற அமைப்பு நடத்துகிறது, முதல் சாம்பியன்ஷிப் 1972இல். கோர் என்றால் குழு, ஒரு கோரில் இப்போது 165 பேர் வரை இருக்கலாம். நான் வாசித்தவன் இல்லை, வருஷக்கணக்காகப் பார்க்கிறவன். அப்புறம் ஒன்று, ஜூன் மாத வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு ஷோ நல்லதா கெட்டதா என்று என்னிடம் கேட்காதீர்கள். ஜூனில் இருக்கும் ஷோவும் ஆகஸ்டில் இருக்கும் ஷோவும் ஒன்றல்ல, முடிவையே மாற்றிவிடுவார்கள்.

புதுசு: ஹைஸ்கூல் மார்ச்சிங் பேண்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

புல்லாங்குழல், கிளாரினெட், சாக்ஸபோன் எதுவும் கிடையாது. பிராஸும் தாள வாத்தியங்களும்தான். பள்ளியோடு சம்பந்தம் இல்லாத தனி அமைப்புகள், ஆடிஷன் வைத்து எடுக்கிறார்கள், சேருகிறவர்கள்தான் பணம் கட்ட வேண்டும்.

டெக்சஸ் அப்பா: மகனுக்கு 16 வயது, பள்ளியில் ஸ்நேர் டிரம் வாசிக்கிறான். கோரில் சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். விடலாமா?

விடலாம் சார், ஆனால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு விடுங்கள். குளிர்காலத்தில் ஆடிஷன் கேம்ப், மே மாதம் பயிற்சி முகாம், ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் இரண்டாம் வாரம் வரை சுற்றுப்பயணம். ராத்திரி பஸ்ஸில் தூக்கம், விடியற்காலையில் ஏதோ ஒரு பள்ளியின் ஜிம் தரையில் படுக்கையை விரித்து மிச்சத் தூக்கம், அப்புறம் வெயிலில் மணிக்கணக்கில் ஒத்திகை, சாயங்காலம் ஷோ. இதற்குப் பல ஆயிரம் டாலர் நீங்கள்தான் கட்ட வேண்டும், விமான டிக்கெட் தனி. ஸ்நேருக்குப் போட்டி அதிகம், ஒரு கோரில் எட்டோ ஒன்பதோ இடம்தான் இருக்கும், முதல் ஆடிஷனிலேயே பெரிய கோர் கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். ஓபன் கிளாஸ் என்ற சின்ன கோர்களில் ஆரம்பித்தவர்கள் நிறையப் பேர் உண்டு.

காதுக்கு இயர்பிளக் வாங்கிக் கொடுங்கள். டிரம் லைனுக்கு நடுவில் தினமும் நிற்கப் போகிற பையன். இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

கணக்கு வாத்தியார்: அவ்வளவு பெரிய மைதானத்தில் பரவி நின்றுகொண்டு எப்படி ஒரே தாளத்தில் வாசிக்கிறார்கள்? பின்னால் இருப்பவர் சத்தம் தாமதமாகத்தானே வரும்?

எனக்குப் பிடித்த கேள்வி. ஆமாம், தாமதமாகத்தான் வரும். மைதானத்தின் அகலம் 160 அடி, அதாவது கிட்டத்தட்ட 49 மீட்டர். ஒலி விநாடிக்கு சுமார் 343 மீட்டர் போகும். பின் கோட்டில் அடித்த ஸ்நேர் முன் கோட்டுக்கு வர 0.14 விநாடி ஆகும். நிமிஷத்துக்கு 180 பீட் வேகத்தில் ஒரு பீட் என்பதே 0.33 விநாடிதான். அதாவது எல்லாரும் முன்னால் நிற்கும் நடத்துனரின் கையை மட்டும் பார்த்து வாசித்தால், மேலே உட்கார்ந்திருக்கிற நமக்குப் பின்வரிசை அரை பீட்டுக்குக் கொஞ்சம் குறைவாகப் பின்தங்கிக் கேட்கும். கந்தரகோளம்.

அதனால் என்ன செய்கிறார்கள் என்றால், பின்னால் இருக்கும் டிரம் லைன்தான் தாளம். நடத்துனர் அவர்களின் காலைப் பார்த்துக் கை வீசுகிறார், அல்லது அவர்கள் அவர் கையைப் பார்க்கிறார்கள், கோருக்குக் கோர் மாறும். முன்னால் இருப்பவர்கள் பின்னாலிருந்து வரும் சத்தம் தங்கள் காதைத் தொடும்போது அதோடு சேர்ந்து வாசிக்கிறார்கள். முன் கோட்டில் மரிம்பா, வைப்ரஃபோன் (கட்டை, உலோகப் பட்டைகளைக் குச்சியால் தட்டும் வாத்தியங்கள்) வைத்து நிற்கிற பிட் ஆட்களைக் கவனியுங்கள், பல சமயம் நடத்துனரை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள், காதைப் பின்னால் வைத்துக்கொண்டு வாசிப்பார்கள்.

சிக்கல் எப்போது வரும்? டிரம் லைன் முன்னால் வந்து பிராஸ் பின்னால் போகும்போது. அப்போது பின்னால் இருப்பவர் காதை நம்பினால் தொலைந்தார், கண்ணை நம்ப வேண்டும், தனக்குத் தப்பாகக் கேட்பதுபோலவே வாசிக்க வேண்டும். ஷோ நடுவே திடீரென்று கொஞ்சம் கலங்கிக் கேட்டால் டிரம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள், காரணம் அங்கேயே இருக்கும்.

தவில் ரசிகர்: பாஸ் டிரம்மில் என்ன வித்தை இருக்கிறது? டொம் டொம் என்று அடிப்பதுதானே?

ஐயோ. ஐந்து பேர், ஐந்து அளவில் ஐந்து டிரம். ஒரு ஓட்டத்தில் ஆளுக்கு ஒரே ஒரு அடி. 180 வேகத்தில் பீட்டுக்கு நான்கு என்றால் விநாடிக்கு 12 அடி, அதை ஐந்து பேர் பங்கு போட்டுக்கொண்டு ஒரே ஆள் உருட்டியதுபோலக் கேட்க வைக்க வேண்டும், நண்டுபோலப் பக்கவாட்டில் நடந்துகொண்டே. உங்கள் அடி விழ வேண்டிய இடைவெளி விநாடியில் 12இல் ஒரு பங்கு. தவிலோடு ஒப்பிடாதீர்கள், அது மனோதர்மம், இது அதற்கு நேர் எதிர்.

அவசரக்காரி: எந்த கோர் பெஸ்ட்?

கோப்பைக் கணக்கு என்றால் கலிஃபோர்னியா கான்கார்டின் ப்ளூ டெவில்ஸ். 1976இல் தொடங்கி 2023 வரை 21 பட்டம். 2014இல் அவர்கள் வாங்கிய 99.65தான் இன்றுவரை உச்சம்.

பழைய பித்தளை: 2004இல் மைக்கை உள்ளே விட்டார்கள், 2009இல் சின்தசைசர் என்ற எலக்ட்ரானிக் கீபோர்டையும் உள்ளே விட்டார்கள், அன்றோடு டிரம் கோர் செத்துவிட்டது. ஒப்புக்கொள்கிறீர்களா?

பாதி. மைக்கையும் சின்தையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள்.

மைக் வருவதற்கு முன் மரிம்பா வாசித்தவர்கள் என்ன செய்தார்கள்? எழுபது எண்பது பிராஸைத் தாண்டி மேல் வரிசைக்குக் கேட்க வேண்டுமே என்று கெட்டியான மேலெட்டை (உருண்டைத் தலைக் குச்சி) வைத்து மரக்கட்டையை ஓங்கி அடித்தார்கள். மரிம்பாவின் நாதமே போய் வெறும் 'டக்' மட்டும் கேட்கும். இப்போது மென்மையான மேலெட் எடுக்கலாம், கீழ் ஸ்தாயி கேட்கிறது, நான்கு மேலெட்டில் மெதுவாக வாசிக்கலாம். பழைய டேப்பையும் புதியதையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சின்த் வேறு கதை. ரசிகர்கள் 'கூ' (goo, அதாவது கொழகொழப்பு) என்று கிண்டலடிக்கும் அந்த அடிவயிறு அதிரும் பாஸ் சத்தம் இருக்கிறதே, அதுதான் என் எதிரி. பின்வரிசையில் டியூபா என்ற பெரிய பாஸ் குழலைத் தோளில் தூக்கிக்கொண்டு பையன்கள் உயிரைக் கொடுத்து வாசிக்கிறார்கள், அதே சுருதியை முன்னால் ஒருவர் கீபோர்டில் ஒரு விரலால் அழுத்துகிறார், ஸ்பீக்கர் மொத்த ஸ்டேடியத்தையும் ரொப்புகிறது. டியூபாக்கள் நன்றாக வாசித்தார்களா என்று யாருக்குத் தெரியும்?

சின்த் பிரியன்: பழமைவாதம். ப்ளூகோட்ஸ் கோரின் 2014 'டில்ட்' ஷோவின் முடிவு எலக்ட்ரானிக்ஸ் இல்லாமல் சாத்தியமா?

இல்லை. மொத்த ஸ்வரக்கட்டும் சரிந்து விழுகிற மாதிரி சுருதி வளைகிற அந்த இடம் எனக்கும் பிடிக்கும். அங்கே எலக்ட்ரானிக்ஸ் தன் வேலையைச் செய்கிறது, பிராஸ் செய்ய முடியாததைச் செய்கிறது. நான் எதிர்ப்பது பிராஸ் செய்யக்கூடியதையே சின்த் செய்வதை.

பழைய பித்தளை: அப்படியானால் 2000இல் ஜி சுருதி பியூகிள் என்ற ஊதுகொம்பை விட்டுவிட்டு எந்தச் சுருதியிலும் வாசிக்கலாம் என்றதும் தப்புதானே? அந்த ஜி பியூகிளின் கர்ஜனை இன்று எங்கே?

கர்ஜனை இருந்தது, சுருதி சேராமலும் இருந்தது. நினைவில் சத்தம் மட்டும் மிஞ்சும், பிசிறு மறந்துபோகும். கேரோலைனா கிரௌனின் 2013 பிராஸைக் கேளுங்கள், அந்த வேகத்தில் அந்தத் தெளிவு பழைய வாத்தியத்தில் கனவு. இன்றைய பிள்ளைகள் முன்னைவிட நன்றாக வாசிக்கிறார்கள், அதனால்தான் எனக்குக் கோபமே. இவ்வளவு நன்றாக வாசிப்பவர்களை எதற்கு ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒளிக்கிறீர்கள்?

சின்த் பிரியன்: ஸ்டேடியத்தின் எதிரொலியை மறந்துவிட்டீர்கள். கூரை போட்ட இடத்தில் டியூபாவும்தான் குழம்பிக் கேட்கும்.

அதுவும் சரிதான். 2009இலிருந்து இறுதிப்போட்டி இண்டியானாபொலிஸ் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்துக்குப் போனது. அங்கே கீழ் ஸ்தாயி சுவரில் மோதி உருண்டுகொண்டே இருக்கும். ஆனால் அது தெரிந்தும் அங்கே இன்னும் பாஸைக் கூட்டுவது யார் தப்பு? சவுண்ட் போர்டில் ஒரு கட்டையைக் கீழே இறக்க எவ்வளவு நேரம் ஆகும்? நடுவர்களும் இதற்கு மார்க் குறைத்தால் மறு வாரமே சரியாகிவிடும்.

கலர் கார்டு ரசிகை: மூன்று பேர் சண்டை போடுகிறீர்கள், மற்றவர்களும் இருக்கிறோம். மார்க் எப்படிப் போடுகிறார்கள்?

மன்னிக்கவும் அம்மா. மொத்தம் 100. ஷோ ஒட்டுமொத்தமாக எப்படித் தாக்குகிறது என்பதற்கு 40, காட்சிக்கு 30, இசைக்கு 30. உங்கள் கலர் கார்டு அந்தக் காட்சி முப்பதுக்குள் வருகிறது. முன்காலத்தில் தப்புக்குத் தப்பு புள்ளியைக் குறைக்கும் 'டிக்' முறை இருந்தது, 1980களின் நடுவில் அது போனது. அது போனதால்தான் துணிந்து ஷோ வடிவமைக்க முடிந்தது என்பது என் கட்சி. ஆகஸ்ட் சாம்பியன்ஷிப் வியாழன், வெள்ளி, சனி மூன்று நாள் போட்டி, கடைசி நாள் 12 கோர், பட்டத்துக்கு அன்றைய மார்க் மட்டும்தான் கணக்கு.

புதுசு: எந்தப் பழைய ஷோவிலிருந்து ஆரம்பிக்கலாம்?

2008 ஃபேண்டம் ரெஜிமெண்ட், 'ஸ்பார்டகஸ்'. ப்ளூ டெவில்ஸை 0.025 புள்ளியில் முந்தினார்கள். கதை, அடிமைகளின் கலகம், கூட்டத்தின் கத்தல் எல்லாம் கலந்தது, முதல்முறை பார்ப்பவருக்கும் புரியும்.

அப்புறம் 1993 ஸ்டார் ஆஃப் இண்டியானா. பார்பர், பார்ட்டோக் என்ற இசையமைப்பாளர்களின் இசையை எடுத்து வறட்சியாக, கோணல்மாணலாக ஒரு ஷோ செய்தார்கள். ரசிகர்கள் கூச்சல் போட்டு எதிர்த்தார்கள், இறுதியில் 0.1 புள்ளியில் கடெட்ஸிடம் தோற்றார்கள். பிறகு போட்டியையே விட்டுவிட்டு மேடைப் பக்கம் போனார்கள், அது 'பிளாஸ்ட்' என்ற மேடை நிகழ்ச்சி ஆகி 2001இல் அமெரிக்க நாடக மேடைக்கான டோனி விருது வாங்கியது. இன்று நீங்கள் பார்க்கிற பாதி ஷோக்களில் அந்த 1993இன் சாயல் இருக்கிறது. பழைய பித்தளை அவர்களே, அந்த ஷோவில் மைக்கும் இல்லை, சின்தும் இல்லை. கூட்டம் அதையும்தான் திட்டியது.

மூன்றாவது, 2016 ப்ளூகோட்ஸ். சாய்தளங்களில் சறுக்கி விளையாடியே முதல் பட்டம் வாங்கினார்கள். இதையெல்லாம் இறுதிப்போட்டிப் பதிவில் பாருங்கள், ஜூன் பதிவில் அல்ல.

புல்லாங்குழல்: ஏன் சாக்ஸபோன் இல்லை?

முதல் பதில்.

நெவார்க் நண்பர்: கடெட்ஸ் ஏன் மூடப்பட்டது?

பண நெருக்கடி, வழக்கு இரண்டும் சேர்ந்து. 1934இல் நியூ ஜெர்சியில் தொடங்கிய கோர், பத்து டிசிஐ பட்டம், 2024இல் கதவைச் சாத்தினார்கள். சாண்டா க்ளாரா வேன்கார்டும் 2023இல் பணமில்லாமல் ஒரு சீசன் ஒதுங்கி, மறு வருஷம் திரும்பியது. 165 பேருக்குச் சாப்பாடு, பஸ், டீசல், லாரி நிறைய தளவாடம். தளவாடம் பெரிதாகப் பெரிதாக லாரியும் கூடுகிறது, வடிவமைப்பாளர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பாஸ்டன் வாசி: நாங்கள் ஜெயித்ததைச் சொல்லவே இல்லையே?

2025, பாஸ்டன் க்ரூசேடர்ஸ், 'பூம்'. 1940இல் தொடங்கிய கோருக்கு முதல் டிசிஐ பட்டம். வாழ்த்துகள். அதில் சின்த் பற்றி என்ன நினைக்கிறேன் என்று இன்னொரு ரவுண்டு ஆரம்பிக்க மாட்டேன்.

கோயமுத்தூர் தம்பி: அண்ணா, இந்த வருஷம் ஜூன் முதல் வாரம் ஒரு வீடியோ பார்த்தேன், சுமாராக இருந்தது...

தம்பி.

அவசரக்காரி: ப்ளூ டெவில்ஸைத் தவிர எந்த கோர் பெஸ்ட்?

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் வருகிற கோர்.

முதல் டிக்கெட்: அடுத்த ஆகஸ்ட் இண்டியானாபொலிஸ் வருகிறேன். கீழே முன்வரிசை கிடைக்கிறது, வாங்கவா?

வாங்காதீர்கள். முன்வரிசையில் ஸ்பீக்கர் உங்கள் முகத்துக்கு நேரே, நடைக்கோலம் ஒன்றும் தெரியாது, ஒரு கொடியும் இரண்டு முதுகும் தெரியும். மேல் அடுக்கு, 35 கெஜக் கோட்டுக்கும் மறுபக்க 35க்கும் நடுவே எங்கே கிடைத்தாலும் எடுங்கள். வியாழக்கிழமைச் சுற்றுக்கும் சேர்த்து எடுத்தால் இறுதிக்கு வராத கோர்களையும் பார்க்கலாம், எனக்கு அந்த நாள்தான் பிடிக்கும். இயர்பிளக் பைக்குள் இருக்கட்டும், ஏசி குளிருக்கு ஒரு ஸ்வெட்டரும்.